குறைந்த வெப்பநிலை பிளாஸ்மாவை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

தம்பி கேட்டது இதுதான்: பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு சிப் அசெம்பிளி ஃபேக்டரியில் பிளாஸ்மா கிளீனர் (ஓரளவு மின்னூட்டம் பெற்ற வாயுவால் பாகங்களைச் சுத்தம் செய்யும் மெஷின்) பார்க்கிறேன், இயற்பியல் டிகிரி இருக்கிறது, ஆனால் பல்கலைக்கழகத்தில் பிளாஸ்மா ஒரு வாரத்தில் முடிந்துபோன பாடம், ரெசிபியில் (மெஷினுக்குக் கொடுக்கும் வாயு, பிரஷர், பவர், நேரம் ஆகிய எண்கள்) பிரஷரை மாற்றினால் ஏன் ரிசல்ட் மாறுகிறது என்று கேட்டால் யாரும் சொல்வதில்லை, அடிப்படையிலிருந்து படிக்க வேண்டும் என்றால் எங்கே தொடங்குவது, கணக்கு எவ்வளவு வேண்டும், மாஸ்டர்ஸ் போக வேண்டுமா?

நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், நானும் அந்தப் பக்கத்து மெஷின்களோடுதான் பல வருடம் குடும்பம் நடத்தினேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. நூலகத்தில் போய் பிளாஸ்மா என்று தேடினால் கையில் கிடைக்கும் புத்தகங்களில் பெரும்பாலானவை அணுக்கரு இணைவுக்கும் விண்வெளிக்கும் எழுதப்பட்டவை. முழுவதும் அயனியான வாயு, பெரிய காந்தப்புலம், அலைகள், அலைகளின் மேல் இன்னும் அலைகள். எல்லாம் அழகான இயற்பியல்தான், ஆனால் உங்கள் சேம்பருக்குள் நடப்பது அது இல்லை. உங்கள் மெஷினில் 200 மில்லிடார் (வெற்றிட அழுத்தத்தை அளக்கும் அலகு) பிரஷர் என்றால் ஒரு கன சென்டிமீட்டரில் ஏறக்குறைய 6.6 × 10¹⁵ வாயுத் துகள்கள் இருக்கும், அதில் மின்னூட்டம் உள்ளவை 10⁹ முதல் 10¹⁰ வரைதான். பத்து லட்சத்துக்கு ஒன்று, பல சமயம் அதற்கும் குறைவு. மீதி எல்லாம் சாதாரண வாயு. ஆகவே உங்களுக்கு வேண்டிய பாடம் மூன்று விஷயத்தைச் சுற்றித்தான்: எலக்ட்ரான் நடுநிலை வாயுவோடு எப்படி மோதுகிறது, துகள்கள் எப்படிச் சுவரில் போய்த் தொலைகின்றன, சுவரோரம் என்ன மின்புலம் உருவாகிறது.

இதில் முதலாவது புரிந்தாலே பாதி வந்துவிடும். சேம்பர் ஓடி முடிந்ததும் லீட்ஃப்ரேமைத் (சிப் உட்காரும் உலோகச் சட்டம்) தொட்டுப் பார்த்திருப்பீர்கள், வெதுவெதுப்பாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் உள்ளே இருந்த எலக்ட்ரான்களின் வெப்பநிலை 3 எலக்ட்ரான் வோல்ட் என்றால் அது கிட்டத்தட்ட 35,000 கெல்வின், ஏனென்றால் 1 எலக்ட்ரான் வோல்ட் என்பது 11,600 கெல்வின். மத்தியான மழையில் பினாங்குப் பாலத்துக்கு மேலே அடிக்கும் மின்னலில் வாயுவே சுமார் 30,000 கெல்வினுக்குப் போகும், அங்கே எலக்ட்ரானும் அயனியும் வாயுவும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும். உங்கள் சேம்பரில் எலக்ட்ரான் மட்டும் சூடு, மற்றதெல்லாம் குளிர். காரணம் நிறை. ஒரு எலக்ட்ரானுக்கும் ஓர் ஆர்கான் அணுவுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 73,000 மடங்கு, அதாவது ஓர் அரிசிமணிக்கும் தைப்பூசத்தன்று தேர் முன்னால் உடைக்கும் ஒன்றரைக் கிலோ தேங்காய்க்கும் உள்ள வித்தியாசம். அரிசிமணியை எவ்வளவு வேகமாக எறிந்தாலும் தேங்காய் அசையாது, அரிசி திரும்பி வரும். ஒவ்வொரு மோதலிலும் எலக்ட்ரான் தன் ஆற்றலில் சராசரியாக 37,000-ல் ஒரு பங்கைத்தான் அணுவுக்குக் கொடுக்கிறது. மின்புலத்திலிருந்து ஆற்றலை வாங்கிக்கொண்டே இருக்கிறது, வாயுவுக்குக் கொடுக்க வழியில்லை, ஆகவே சூடேறுகிறது. பிரஷரைக் கூட்டிக்கொண்டே போய் வளிமண்டல அழுத்தத்துக்கு வந்தால் மோதல்கள் அவ்வளவு அதிகமாகி வாயுவும் சூடேறி ஆர்க் (வெல்டிங்கில் வருவதுபோன்ற சூடான மின்வில்) ஆகப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் அங்கே மின்காப்புத் தடுப்பு, நானோசெகண்ட் பல்ஸ் என்று வேறு வித்தைகள் வேண்டியிருக்கின்றன.

சரி, எலக்ட்ரான் ஆற்றலை எங்கேதான் செலவழிக்கிறது? ஆர்கானில் 11.5 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே அணுவைக் கிளர்ச்சியூட்டவே முடியாது, அயனியாக்க 15.76 வேண்டும். சராசரி எலக்ட்ரானிடம் இருப்பது நாலரைதான். ஆக அயனியாக்கும் வேலை முழுவதையும் செய்வது கூட்டத்தின் உச்சியில் இருக்கும் சில பேர். இந்த உச்சி வெப்பநிலையோடு அடுக்குக்குறி விகிதத்தில் ஏறி இறங்கும், எலக்ட்ரான் வெப்பநிலை கொஞ்சம் கூடினாலே அயனியாக்கம் பல மடங்காகும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்துச் சொல்லப்போவது முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

என் கணக்கில் இந்தத் துறையில் ஒரு ப்ராசஸ் என்ஜினியர் கற்க வேண்டிய மிக முக்கியமான ஒரே விஷயம் இது: பவரைக் கூட்டினால் எலக்ட்ரான் சூடாகாது. பத்து வருடம் மெஷின் பார்த்தவர்கள்கூட "பவர் ஏற்று, பிளாஸ்மா ஹாட்டாகும்" என்பார்கள். யோசித்துப் பாருங்கள். நிலையாக ஓடும் பிளாஸ்மாவில் ஒரு விநாடிக்கு உருவாகும் அயனிகளும் சுவரில் போய் அழியும் அயனிகளும் சமமாக இருக்க வேண்டும். உருவாகும் வேகம் எலக்ட்ரான் எண்ணிக்கையோடு நேர்விகிதம், அழியும் வேகமும் அதே எண்ணிக்கையோடு நேர்விகிதம். சமன்பாட்டின் இரண்டு பக்கமும் எண்ணிக்கை அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது வெப்பநிலை, வாயுவின் அடர்த்தி, சேம்பரின் அளவு. அதாவது எலக்ட்ரான் வெப்பநிலையைத் தீர்மானிப்பது பிரஷரும் சேம்பரின் உருவமும், கூடவே எந்த வாயு என்பதும். 10 மில்லிடார், பத்து சென்டிமீட்டர் அளவுள்ள ஆர்கான் சேம்பர் என்றால் 3 எலக்ட்ரான் வோல்ட் பக்கம் வந்து நிற்கும், 500 வாட் கொடுத்தாலும் சரி, 1,000 வாட் கொடுத்தாலும் சரி. பிரஷரைக் கூட்டினால் வெப்பநிலை இறங்கும், குறைத்தால் ஏறும். பவர் எங்கே போகிறது என்றால் எண்ணிக்கைக்குப் போகிறது, இரண்டு மடங்கு பவர் கொடுத்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு எலக்ட்ரான். ஆர்கானில் ஒரு எலக்ட்ரான்-அயனி ஜோடியை உருவாக்க, வீணாகும் கிளர்ச்சி எல்லாம் சேர்த்து, சில பத்து எலக்ட்ரான் வோல்ட் செலவாகும். ஆக்சிஜன் போன்ற மூலக்கூறு வாயுவில் அதிர்வு, உடைப்பு என்று இன்னும் பல வாசல் வழியாக ஆற்றல் ஓடிவிடும், அதனால்தான் அதே பவரில் அடர்த்தி குறைவு. பிரஷர், பவர் என்று பேனலில் இரண்டு எண் இருக்கிறதே, அவை இரண்டும் வெவ்வேறு வேலை செய்பவை, ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது. உங்கள் கேள்விக்கு நேரான பதில் இந்தப் பத்திதான். உண்மையில் சில விலகல்கள் உண்டு, அதிக பவரில் வாயு சூடாகி அடர்த்தி குறையும், கிளர்ந்த அணுவிலிருந்தே அயனியாவது கூடும், ஆனால் முதலில் நேரான படத்தைப் பிடித்துக்கொண்டு அப்புறம் விலகலுக்குப் போங்கள்.

அடுத்தது ஷீத், அதாவது சுவரோரத்தில் எலக்ட்ரான் குறைந்த அந்த இருண்ட பட்டை. சேம்பர் ஜன்னல் வழியே பார்த்தால் எலக்ட்ரோடுக்கும் ஒளிக்கும் நடுவில் தெரியுமே, அதுதான். எலக்ட்ரான் வேகமானது, முதலில் சுவரை அடைந்து அதை எதிர்மின்னாக்கிவிடுகிறது, ஆகவே பிளாஸ்மா தன்னைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும்விட நேர்மின் அழுத்தத்தில் உட்கார்ந்துகொள்கிறது. எதோடும் இணைக்காமல் மிதக்கும் ஒரு துண்டை ஆர்கான் பிளாஸ்மாவில் வைத்தால் அதற்கும் பிளாஸ்மாவுக்கும் உள்ள வித்தியாசம் எலக்ட்ரான் வெப்பநிலையைப்போல் ஐந்து மடங்கு, 3 எலக்ட்ரான் வோல்ட் என்றால் 15 வோல்ட். பவர் கொடுத்த எலக்ட்ரோடில் வைத்தால் நூற்றுக்கணக்கான வோல்ட். உங்கள் மெஷினில் ஷெல்ஃபை பவர், கிரவுண்ட், ஃப்ளோட்டிங் என்று மாற்றி வைக்க முடியும் இல்லையா, அந்த மூன்றில் எதில் லீட்ஃப்ரேம் ஸ்ட்ரிப்பை வைக்கிறீர்கள் என்பது அயனி எவ்வளவு வேகத்தில் வந்து அடிக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

பல மெஷின்களின் ஆர்எஃப் (ரேடியோ அதிர்வெண்) ஜெனரேட்டர் ஏன் 13.56 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது என்பதற்கும் இங்கேதான் பதில். அந்த எண்ணைத் தேர்ந்ததற்குக் காரணம் வானொலிச் சட்டம், தொழில்துறைக்கு என்று ஒதுக்கிய அலைவரிசை அது. ஆனால் இயற்பியல் ரீதியாகவும் வசதியான இடத்தில் விழுகிறது. அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 10¹⁰ என்றால் எலக்ட்ரானின் பிளாஸ்மா அதிர்வெண் சுமார் 900 மெகாஹெர்ட்ஸ், ஆர்கான் அயனியுடையது சுமார் 3.3 மெகாஹெர்ட்ஸ். 13.56 இரண்டுக்கும் நடுவில். எலக்ட்ரான் ஒவ்வொரு சுற்றையும் பின்தொடரும், அயனியால் முடியாது, அது சராசரி வோல்டேஜை மட்டும் பார்க்கும். 40 கிலோஹெர்ட்ஸ் மெஷினில் அயனியும் கூடவே ஆடும், அதனால் அடி வேறு மாதிரி இருக்கும். ஒரு மெஷினின் ரெசிபியை இன்னொன்றுக்கு அப்படியே காப்பி செய்தால் ஏன் ஒத்து வரவில்லை என்று ஆச்சரியப்படுபவர்கள் முதலில் ஜெனரேட்டரின் பெயர்ப்பலகையைப் பார்க்கலாம்.

ஒரு விஷயம் பலருக்குத் தப்பிப்போகிறது. திரையில் பயாஸ் (பவர் கொடுத்த எலக்ட்ரோடில் தானே உருவாகும் சராசரி வோல்டேஜ்) 300 வோல்ட் என்று காட்டினால் அயனி 300 எலக்ட்ரான் வோல்ட்டோடு வந்து அடிக்கிறது என்று நினைப்பது. 10 மில்லிடாரில் ஆர்கான் அயனி மோதாமல் போகும் தூரம் சுமார் 3 மில்லிமீட்டர், அங்கே அந்தக் கணக்கு ஓரளவு சரி. 200 மில்லிடாரில் அந்தத் தூரம் 0.15 மில்லிமீட்டர், ஷீத்தின் தடிமனோ சில மில்லிமீட்டர். வழியெல்லாம் மோதிக்கொண்டுதான் வருகிறது, வந்து சேரும்போது கையில் பெரிதாக ஒன்றும் இருக்காது. எட்ச் சேம்பர் (சிலிக்கானை அரித்து வடிவம் வெட்டும் மெஷின்) குறைந்த பிரஷரில் ஓடுவதற்கும் கிளீனர் அதிக பிரஷரில் ஓடலாம் என்பதற்கும் இதுதான் காரணம்.

பிரஷரை இஷ்டத்துக்குக் குறைக்கவும் முடியாது, பிளாஸ்மா பற்றவே பற்றாது. ஜெர்மன் இயற்பியலாளர் பாஷன் 1889-ல் கண்டது: பற்றவைக்கத் தேவையான வோல்டேஜ் பிரஷரையும் இடைவெளியையும் பெருக்கி வரும் எண்ணைப் பொறுத்தது, காற்றுக்கு அது சுமார் 0.6 டார்-சென்டிமீட்டரில் மிகக் குறைவாக, 330 வோல்ட் பக்கம் இருக்கும். உங்கள் 200 மில்லிடாரும் சில சென்டிமீட்டர் இடைவெளியும் அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்திலேயே விழுவது தற்செயல் இல்லை. ஆர்எஃப்பில் வளைகோடு கொஞ்சம் மாறும், போக்கு அதேதான்.

இனி உங்கள் தினசரி வேலைக்கு நேராக வருகிறேன். வயர் பாண்டுக்கு (சிப்பை மெல்லிய கம்பியால் இணைப்பது) முன்னாலும் மோல்டுக்கு (அதைப் பிளாஸ்டிக்கால் மூடுவது) முன்னாலும் எதற்கு பிளாஸ்மா? எண்ணெய்ப் பசை, எபாக்ஸியிலிருந்து கசிந்தது, கைபட்டது போன்ற கரிமப் படலத்தை எடுக்க. ஆக்சிஜன் என்றால் வேதியியலாக எரித்து கார்பன் மோனாக்சைடாகவும் நீராவியாகவும் பம்புக்கு அனுப்பும், ஆனால் செம்பு லீட்ஃப்ரேமையும் வெள்ளிப் பூச்சையும் கறுக்க வைக்கும், அதனால் அங்கே ஆர்கானோ ஆர்கான்-ஹைட்ரஜனோ. இதில் ஆக்சிஜன் மூலக்கூறை உடைக்கத் தேவையான ஆற்றல் அதை அயனியாக்கத் தேவையான 12 எலக்ட்ரான் வோல்ட்டைவிட எவ்வளவோ குறைவு. ஆக உள்ளே அயனிகளைவிட மின்னூட்டமில்லாத ஆக்சிஜன் அணுக்கள் பல மடங்கு அதிகம். அவற்றுக்கு மின்புலம் தெரியாது, விரவிப் பரவி எங்கும் போகும்.

மேகசின் பிரச்சினை இங்கே வருகிறது. ஸ்லாட் போட்ட மேகசினில் ஸ்ட்ரிப்களை அடுக்கி அப்படியே உள்ளே தள்ளினால், ஸ்ட்ரிப்புக்கும் ஸ்ட்ரிப்புக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஷீத்தின் தடிமன் அளவுக்கே இருந்தால் பிளாஸ்மா அதற்குள் நுழையாது. மேல் ஸ்ட்ரிப்பும் ஓரங்களும் சுத்தம், நடு அப்படியே. ஓர் ஃபேக்டரியில் இதைச் சரிசெய்ய நேரத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனார்கள், ஓரம் எரிந்ததுதான் மிச்சம். ஆக்சிஜன் பயன்படுத்த முடிந்தால் நடுநிலை அணுக்கள் கொஞ்சம் உள்ளே போகும், ஆனால் ஆர்கான் மட்டும் என்றால் வேலை செய்வது அயனி, அயனி போகாத இடத்தில் ஒன்றும் நடக்காது. சரியான வழி இடைவெளியைக் கூட்டுவது, பக்கம் திறந்த மேகசின், அல்லது ஸ்ட்ரிப் ஸ்ட்ரிப்பாக ஓட்டும் மெஷின். தண்ணீர்த்துளி வைத்து காண்டாக்ட் ஆங்கிள் (துளி பரப்பைத் தொடும் கோணம், சுத்தமான பரப்பில் துளி பரவிக் கோணம் குறையும்) பார்ப்பவர்கள் ஸ்ட்ரிப்பின் ஓரத்தில் மட்டும் துளி வைத்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். நடுவிலும் வையுங்கள். பிளாஸ்மா முடிந்து பல மணி நேரம் வெளியே கிடந்தால் பரப்பு திரும்ப அழுக்கேறும், ஸ்டேஜிங் டைம் என்று ஒரு வரம்பு வைப்பது அதனால்தான்.

பாலம் தாண்டி கூலிம் பக்கம் போனால் இதே இயற்பியல் இன்னும் கடினமான வேலை செய்கிறது. வேஃபர் ஃபேபில் எட்ச். 1979-ல் ஐபிஎம்மில் கோபர்னும் விண்டர்ஸும் செய்த ஒரு சோதனையை இந்தத் துறையில் எல்லோரும் ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள். சிலிக்கான் மேல் செனான் டைஃபுளோரைடு வாயுவை மட்டும் விட்டார்கள், மெதுவாக அரித்தது. ஆர்கான் அயனிக் கற்றையை மட்டும் விட்டார்கள், அதைவிடவும் மெதுவு. இரண்டையும் சேர்த்து விட்டதும் அரிப்பு, வாயு மட்டும் இருந்தபோது இருந்ததைப்போல் பத்து மடங்குக்கு எகிறியது. இரண்டையும் கூட்டினால் வரும் தொகையே வேறு, கிடைத்தது வேறு. அயனி செங்குத்தாக வந்து அடிக்கிறது, ஆகவே குழியின் அடிமட்டம் மட்டும் வேகமாக அரிபடும், பக்கச்சுவர் நிற்கும். நேரான சுவருள்ள குழிகளை வெட்ட முடிவதற்கு இதுவே அடிப்படை. எஸ்எஃப்6 வாயுவையும் சி4எஃப்8 வாயுவையும் மாற்றி மாற்றி விட்டு ஆழக் குழி தோண்டும் பாஷ் முறை அதே யோசனையின் நீட்சி. பினாங்கின் பத்து காவான் என்ற ஊரில் லாம் ரிசர்ச் நிறுவனம் 2021-ல் திறந்தது வேஃபர் ஃபேப்களுக்கான கருவிகள் செய்யும் தொழிற்சாலை, ஆக இந்தப் படிப்புக்கு இங்கேயே வேலை இருக்கிறது, 1972-ல் இன்டெல் வந்தபோது இருந்த வெறும் அசெம்பிளிப் பினாங்கு இல்லை இது.

மற்ற பயன்பாடுகளை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். ஓசோன் ஜெனரேட்டர் 1857-லிருந்தே உண்டு, சீமென்ஸ் செய்தது, அதே வடிவம் இன்றும் தண்ணீர் சுத்திகரிப்பில் ஓடுகிறது. பழைய ட்யூப்லைட் ஒரு குறைந்த வெப்பநிலை பிளாஸ்மா, பாதரசத்தின் 254 நானோமீட்டர் ஒளிதான் பாஸ்பரை எரிய வைக்கிறது. பிளாஸ்டிக் பையில் மை ஒட்டுவதற்கு முன் பரப்பைத் தயார் செய்வது கொரோனா என்ற மின்னிறக்கம். 2013-ல் ஜெர்மனியில் காயம் ஆற்றும் பிளாஸ்மா பேனாவுக்கு மருத்துவக் கருவியாகச் சான்று கிடைத்தது. மருத்துவப் பக்கம் ஆர்வமூட்டுவது, ஆனால் இணையத்தில் அழகு நிலையங்கள் சொல்வதில் பாதியை நம்பாதீர்கள்.

இனி எப்படிப் படிப்பது. சாப்மேன் 1980-ல் எழுதிய க்ளோ டிஸ்சார்ஜ் (உங்கள் சேம்பரில் ஒளிர்வதுபோன்ற பிளாஸ்மா) பற்றிய புத்தகம் பழையதுதான், ஆனால் கணக்கு குறைவு, மெஷின் பக்கத்தில் நின்று எழுதியதுபோல் இருக்கும், அதில் தொடங்குங்கள். பிறகு லீபர்மேன், லிச்டன்பெர்க் எழுதிய தடித்த புத்தகம், அதை முதல் பக்கத்திலிருந்து படித்தால் மூன்றாவது அத்தியாயத்தில் தூங்கிவிடுவீர்கள். ஷீத் அத்தியாயம், துகள் சமநிலை-ஆற்றல் சமநிலை அத்தியாயம், இரண்டை மட்டும் முதலில் பிடியுங்கள். கணக்கு என்றால் சாதாரண வகைக்கெழுச் சமன்பாடு, மேக்ஸ்வெல் பரவல், கொஞ்சம் மின்சுற்று. உங்கள் டிகிரியே போதும். மேட்சிங் நெட்வொர்க் (ஜெனரேட்டரின் பவர் திரும்பி வராமல் பிளாஸ்மாவுக்குப் போக வைக்கும் சுற்று) புரியாமல் பிளாஸ்மா என்ஜினியர் ஆக முடியாது, ரிஃப்ளெக்டட் பவர் பூஜ்யம் என்று காட்டினாலும் மேட்ச் சுருளிலேயே ஒரு பங்கு சூடாகிப் போகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

அப்புறம் கையால் ஒன்று செய்யுங்கள். நான் மேலே சொன்ன சமநிலையை எக்செலில் போடுங்கள்: ஒரு வரிசையில் பிரஷர், அடுத்ததில் எலக்ட்ரான் வெப்பநிலை, அடுத்ததில் அடர்த்தி. மோதல் தரவுகள் எல்எக்ஸ்கேட் தளத்தில் இலவசம், அதைப் போட்டு எலக்ட்ரான் ஆற்றல் பரவலைக் கணக்கிடும் போல்சிக் நிரலும் இலவசம். இது முடித்தவனுக்கு, புத்தகம் முழுவதையும் படித்துவிட்டு எதையும் கணக்கிடாதவனைவிட அதிகம் தெரியும் என்பது என் அபிப்பிராயம். ஆழமாகப் போக விரும்பினால் ஜெர்மனியில் பாட் ஹொன்னெஃபில் இந்தத் துறைக்கென்றே ஒரு சர்வதேசப் பயிற்சிப் பள்ளி நடக்கிறது, பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர்களுக்கானது.

மாஸ்டர்ஸ்? கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு பிளாஸ்மாவில் நீண்ட மரபு உண்டு. 1980-களில் சிங் லீ தலைமையில் வளரும் நாடுகளின் விஞ்ஞானிகளுக்கு அங்கே பயிற்சி நடந்தது, 3.3 கிலோஜூல் பிளாஸ்மா ஃபோகஸ் கருவியை அவர்களே கட்டி ஊருக்கு எடுத்துப்போனார்கள். ஆனால் அது அடர்ந்த, சூடான பிளாஸ்மா, வேறு வம்சம். சேரும் முன் மேற்பார்வையாளர் எந்த வகை பிளாஸ்மா செய்கிறார், ஆய்வகத்தில் ஓடும் சேம்பர் இருக்கிறதா என்று கேளுங்கள், சிமுலேஷன் மட்டும் என்றால் உங்களுக்கு ஒத்துவருமா என்று யோசியுங்கள். ப்ராசஸ் வேலையே தொடர நினைத்தால் மாஸ்டர்ஸ் அவசரமில்லை. கருவி வடிவமைப்புக்கோ ஆராய்ச்சிக்கோ போக நினைத்தால் அவசியம்.

வீட்டில் பழைய மைக்ரோவேவ் அவனைப் பிரித்து பிளாஸ்மா செய்யும் காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். தயவுசெய்து வேண்டாம், அந்தக் கெபாசிட்டர் ஆளைக் கொல்லும்.

அதற்குப் பதில் மெஷினிலேயே ஒன்று செய்யலாம், சூப்பர்வைசரிடம் அனுமதி வாங்கி, டம்மி ஸ்ட்ரிப்பில். ஜன்னலில் ஃபைபர் வைத்து ஒரு சின்ன ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஒளியைப் பாருங்கள். ஆர்கான் ஓடும்போது 337 நானோமீட்டரில் நைட்ரஜன் தெரிந்தால் காற்றுக் கசிவு, 309-ல் ஓஎச் தெரிந்தால் சுவரில் ஈரம், 777 ஆக்சிஜன், 656 ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஓடும்போது 483, 519 பக்கம் கார்பன் மோனாக்சைடு எழும்பி மெல்ல அடங்கினால் அழுக்கு எரிந்து முடிகிறது. ஜன்னல் சாதாரணக் கண்ணாடி என்றால் 309-ஐ விழுங்கிவிடும், குவார்ட்ஸா என்று முதலில் பாருங்கள். பவரை நிலையாக வைத்து பிரஷரை மட்டும் நான்கைந்து படியாக மாற்றி, ஒவ்வொன்றிலும் ஸ்பெக்ட்ரமும் பயாஸும் நடு ஸ்ட்ரிப்பின் காண்டாக்ட் ஆங்கிளும் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு உங்கள் எக்செல் சொல்லும் எலக்ட்ரான் வெப்பநிலையோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒத்துப்போகாத இடம் வந்தால் அந்த எண்களையும் வாயுவின் பெயரையும் ஷெல்ஃப் எப்படி இணைத்திருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அங்கிருந்து மேலே பேசலாம்.